பெரியப்பா பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

திருப்பதியில் என் அக்கா வீட்டு மேசைக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. அதை ஆன் செய்யும் பொத்தான் ஒரு காலத்தில் வெள்ளை. இப்போது அதன் நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை. மேலே வைத்த குங்குமம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. மஞ்சள் மட்டும் பிளாஸ்டிக்குக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. அது பெரியப்பா வைத்த பொட்டு. அவர் போய்ச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவரைப் பற்றி நல்லதாகவே சொல்கிறார்கள். அப்படியொரு மனிதர் இனிமேல் பிறக்கப்போவதில்லை என்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து வலித்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அவர்மேல் கோபம். செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது; அவர்கள் எங்கள் வீட்டில் வாழ்ந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் ஊர் நகரி, தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற எல்லை ஊர். வீட்டின் முன்பாதியில் நாங்கள் இருந்தோம், பின்பாதியில் விசைத்தறிகள் இருந்தன. தறி ஓடும்போது கத்தித்தான் பேச வேண்டும். அந்தப் பழக்கத்தில் தறி ஓடாதபோதும் கத்தியே பேசுவோம். பெரியப்பா ஒருவர்தான் மெதுவாகப் பேசுவார். அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் தறியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். எங்கள் நைனா, அதாவது அப்பா, அவருக்குத் தம்பி. அண்ணன் சொல்லுக்கு அவர் மறுசொல் சொல்லி நான் பார்த்ததில்லை. நூல் கொடுத்துச் சேலையாக வாங்கிக்கொள்ளும் புத்தூர் ஜவுளிக்காரரோடு பேசுவது பெரியப்பா. கல்யாணம், காது குத்து, எந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம், எல்லாம் பெரியப்பா. நியாயத்துக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு டெங்கு வந்து திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராண்டாவில் துண்டை விரித்துப் படுத்தவர் அவர்தான். டாக்டர்களிடம் தெலுங்கில் கெஞ்சியதும் இளநீர் வாங்கிவந்து எனக்கு ஊட்டியதும் அவர்தான். அதனால்தான் இந்தக் கோபம் இத்தனை வருஷமும் வெளியே வராமல் இருந்தது. அவர் கெட்டவராக மட்டும் இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

அக்கா டிப்ளமா முடித்துவிட்டுத் திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குப் போய்வந்தாள். முதலில் அவளை பில் போடத்தான் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே பின்னால் நடப்பதையெல்லாம் பார்த்துப் பார்த்து, ஆள் வராத நாளில் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்து, கடைசியில் பாகங்களைச் சேர்த்துப் பெட்டி பூட்டுவது அவள் வேலையாகவே ஆகிவிட்டது. அந்தக் கடை ஓனருக்கு ஒரு விதி உண்டு. "பெட்டெலோ பெட்டே முந்து பயட ஆன் சேசி சூடாலி" என்று தினமும் சொல்வாராம். பெட்டிக்குள் வைப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பிப் பூட்டி, கரண்ட் கொடுத்து, திரையில் எழுத்து வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் பெட்டி. உள்ளே வைத்துத் திருகி முடித்தபிறகு ஓடவில்லை என்றால் எது கெட்டது என்று கண்டுபிடிக்கத் தலைகீழாக நிற்க வேண்டியிருக்கும். அக்கா இதை எனக்குச் சாப்பிடும்போதுகூடச் சொல்வாள். சாமி கும்பிடாமல் ஒரு நாள் இருந்தாலும் இருப்பாள், வெளியே ஓட்டிப் பார்க்காமல் ஒரு பெட்டியை மூட மாட்டாள்.

அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. சேலைக் கரையில் மாங்காயோ அன்னமோ ஓட வேண்டுமென்றால் முதலில் அதைக் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அட்டையில் துளை போடுவார்கள். அந்த அட்டை சொல்கிறபடிதான் தறி பூவை நெய்யும். வரைவதை இப்போது கம்ப்யூட்டரில்தான் செய்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஆள் இல்லை. ஜவுளிக்காரர் ஒவ்வொரு டிசைனுக்கும் வெளியூருக்கு அலைந்துகொண்டிருந்தார். அக்கா லீவு நாட்களில் அந்த வேலையைக் கற்றுக்கொண்டு, தானே வரைந்த நாலைந்து கரைகளை அவரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "சொந்தமா மெசினு வச்சிக்கோம்மா. ஓடறத நான் கண்ணால பாக்கறேன். அப்புறம் மொத்தமும் உங்கிட்டதான்" என்றார். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. வீட்டிலேயே, தறிக்குப் பக்கத்திலேயே, ஆனால் தறிக்கூலியாக இல்லாமல் ஒரு தொழில். கல்யாணம் ஆனாலும் கூடவே எடுத்துக்கொண்டு போகக்கூடிய தொழில். சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் போட்டு ஒவ்வொரு பாகமாக வாங்கிவந்து எங்கள் அறையில் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். நான் துணிகளை வேறு இடத்துக்கு மாற்றிக் கொடுத்தேன்.

பூட்டுவதற்கு உட்கார்ந்த அன்று பெரியப்பா அறை வாசலில் வந்து நின்றார். பஞ்சாங்கம் பார்த்துவிட்டு வந்திருந்தார். "நாளைக்கி வெள்ளிக்கெழம, காலீல நல்ல நேரம் கீது. புத்தூர் மொதலாளிய வரச் சொல்லிட்டேன். அது வரைக்கும் கரண்ட் ஏத்தக் கூடாது" என்றார்.

"பூட்டறதுக்கு முன்னால ஒரு வாட்டி வெளிய வச்சி ஓட்டிப் பாக்கணும் பெரிப்பா. இல்லன்னா இன்னா தப்புன்னு தெரியாது" என்றாள் அக்கா.

"புதுத் தறி எறக்கனா நல்ல நேரத்துக்கு முன்னால ஓட்டிப் பாக்கறனா? கரண்ட் ஏறனதுதான் மொத ஓட்டம். மொத ஓட்டம் எப்பவும் ஒண்ணுதான்."

"இது தறி இல்ல பெரிப்பா."

"கரண்ட்ல ஓடறது எல்லாம் தறிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மெதுவாகத்தான் சொன்னார். நைனா பின்பக்கம் தறியில் பாவு நூல் பார்த்துக்கொண்டிருந்தார், கேட்டது, திரும்பவில்லை. அக்கா மதர்போர்டைக் கையில் எடுத்தாள். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, ஓட்டிப் பார்க்காமல் ஒரு பெட்டியைப் பூட்டினாள். ஒவ்வொரு திருகையும் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்தாள். மெமரி அட்டையை, சீப்பு நீளத்துக்கு இருக்கும் ஒரு சின்ன அட்டை அது, அதன் இடத்தில் வைத்து இரண்டு பக்கமும் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினாள். அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் கோர்ட்டில் வந்து சொல்லுவேன்.

அன்று சாயங்காலமே பெட்டி கூடத்துக்குப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை காலை மேசை போட்டு அதை வைத்தார்கள். வாழைப்பழம், தேங்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம். பெட்டிமேலும் பொத்தான்மேலும் மஞ்சள் குங்குமம் வைத்து ஏற்கெனவே தயாராக இருந்தது. அம்மா வைத்திருப்பாள் என்று நினைத்தோம். ஜவுளிக்காரர் வெள்ளைச் சட்டையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பெரியப்பா தீபம் காட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, அந்த மஞ்சள் பூசிய பொத்தானைத் தன் விரலாலேயே அழுத்தினார். அக்காவை அழுத்தச் சொல்லவில்லை. அதைக்கூட அன்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

உள்ளே காற்றாடி சுற்றியது. சத்தம் கேட்டு அம்மா கைகூப்பினாள். திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

அக்கா திரைக்குப் போகும் வயரைக் கழற்றி மாட்டினாள். பிளக்கை மாற்றினாள். அணைத்துப் போட்டாள். காற்றாடி ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகச் சுற்றியது, திரை ஒவ்வொரு தடவையும் கறுப்பாக இருந்தது. அவள் தரையில் மண்டியிட்டு, பெட்டியின் பக்கவாட்டுத் துளைகளில் கண்ணை வைத்துப் பார்த்தாள். போர்டில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எந்த இடத்தில் கோளாறோ அந்த இடத்துக்குப் பக்கத்தில் எரியும் விளக்கு அது. அவள் முகம் தெளிந்தது. "மெமரிதான், அந்தச் சின்ன அட்ட, சரியா உக்காரல. மூடியத் தெறந்து எடுத்து வச்சா முடிஞ்சிது. ஒரு நிமிசம்" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

"வை அத" என்றார் பெரியப்பா. "தீபம் காட்டன பொட்டிய பொழுது சாயறதுக்குள்ள பிரிக்கக் கூடாது. தறியா இருந்தாலும் அதான், எதா இருந்தாலும் அதான்."

"பெரிப்பா, ஒரு நிமிசம்."

"வைன்னு சொன்னேன்."

எங்கள் பக்கத்துத் தறிக்காரர்களுக்கு அப்படி ஒரு வழக்கம் உண்டு என்பது உண்மைதான். புதுத் தறிக்குப் பூஜை போட்ட அன்று அதன்மேல் ஸ்பானர் வைக்க மாட்டார்கள். அக்கா ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்தபடியே நின்றாள். ஜவுளிக்காரர் காபி குடித்தார், கேசரி சாப்பிட்டார், இரண்டு தடவை மணி பார்த்தார். அவரை வாசல்வரை கொண்டுபோய் விடும்போது பெரியப்பா, நாங்கள் எல்லோரும் கேட்கும்படி, தன் மெதுவான குரலில் சொன்னார்: "மன்சுல வச்சிக்காதீங்க மொதலாளி. பொட்டப்புள்ள பூட்டனது. அம்மாந்தான் வரும்."

அவளுக்கு அவ்வளவுதான் வரும் என்ற அந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை எனக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன் என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள். அவள் பூட்டிய பெட்டிகள் திருப்பதியில் எத்தனை கடைகளில், எத்தனை ஆபீசுகளில் ஓடிக்கொண்டிருந்தன. முந்தின நாள் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்க விட்டிருந்தால், காலையில் அது ஓடாதபோது அவள் தலைநிமிர்ந்து 'நேத்து ஓடிச்சி' என்று சொல்லியிருப்பாள். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால், நடுவில் யார் தொட்டது என்று கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வியே வர முடியாதபடி அவர் முன்னாலேயே செய்துவிட்டார். தெரிந்து செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் செய்தார்.

ஜவுளிக்காரர் போன கையோடு அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். பொழுது சாயக் காத்திருக்கவில்லை. அப்போது ராகுகாலம் வேறு. மூடியைக் கழற்றியதும் இருவரும் குனிந்து பார்த்தோம். உள்ளே எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தது. காற்றாடிக்குப் பொட்டு. வயர் கட்டுக்குப் பொட்டு. ஹார்ட் டிஸ்க்குக்குப் பொட்டு. மெமரி அட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அதை வெளியே எடுத்தபோது, கீழ் ஓரத்தில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பற்களின்மேல், குழைத்த மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. நடுவில் குங்குமம்.

பார்த்தவுடனே புரிந்துவிட்டது. புதுத் தறிக்குப் பொட்டு வைக்கும்போது பெரியப்பா ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியாக வைப்பார். நாடாவை மட்டும் அதன் பெட்டியிலிருந்து கையில் எடுத்து, இரண்டு பக்கமும் மஞ்சள் தடவி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்ப வைப்பார். இழையைக் குறுக்கே கொண்டுபோவது அதுதானே. தறிக்கு உயிர் அதில்தான் என்பார். கம்ப்யூட்டருக்குள் கையில் எடுக்கிற மாதிரி இருந்தது அந்த அட்டை ஒன்றுதான். இரண்டு பக்கமும் கொக்கி வேறு. எடுத்திருக்கிறார், பொன்னாக இருக்கும் பக்கம் முகம் என்று நினைத்துப் பொட்டு வைத்திருக்கிறார், திரும்பச் சொருகியிருக்கிறார். 'டக்' என்று சத்தம் வர வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது? கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள்.

அக்கா என் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ரப்பரை எடுத்து அந்தப் பற்களைத் துடைத்தாள். குழந்தைக்குப் பல் தேய்ப்பதுபோல அவ்வளவு பொறுமையாக. அட்டை உட்காரும் இடத்தைப் பஞ்சாலும் ஸ்பிரிட்டாலும் சுத்தம் செய்து, காயவிட்டு, அழுத்தினாள். 'டக்' என்றது. ஸ்விட்சைப் போட்டாள். திரையில் எழுத்து வந்தது. நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நேராகப் பெரியப்பாவிடம் போனாள். அவர் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மஞ்சளான ரப்பரை அவர் முன்னால் வைத்தாள். "நேத்து சாயங்காலம் மூடியத் தெறந்தீங்களா பெரிப்பா?"

"ஆமா. வெளித் தகரத்துக்கு மட்டும் வச்சா தகரத்துக்குதான் ஆவும். உள்ள கீறதுக்கு வாணாமா?"

"மஞ்சள் பட்டுதான் ஓடல."

அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "மஞ்சளு எப்பவாச்சும் எதையாச்சும் கெடுத்துகீதா?"

கேட்டுக்கொண்டிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அதுதான் அவருடைய சாமர்த்தியம். அக்கா அவரைத்தான் குற்றம் சொன்னாள்; ஒரே வாக்கியத்தில் அவள் மஞ்சளைக் குற்றம் சொல்கிறவளாக ஆகிவிட்டாள். மஞ்சளை எதிர்த்து எங்கள் வீட்டில் யார் ஜெயிக்க முடியும்? காலையில் அவள் தரையில் மண்டியிட்டு 'மெமரி சரியா உக்காரல' என்று சொன்னபோது, அதைக் கையில் எடுத்து வைத்தது தான்தான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் 'வை அத' என்றார். ஒரு பூஜை வழக்கத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஸ்க்ரூ டிரைவர் அந்த மூடியைத் திறந்திருந்தால் ஜவுளிக்காரர் முன்னால் அவர் விரல் மஞ்சள் தெரிந்திருக்கும்.

அக்கா அதற்குமேல் சண்டை போடவில்லை. "மெசினு ஓடுது பெரிப்பா. அவருக்கு ஒரு போன் பண்ணி வந்து பாக்கச் சொல்லுங்க. அது போதும்" என்றாள். அவர் கை கழுவிவிட்டு, "நானே சொல்றேன்" என்றார். அவளே பேசியிருக்கலாமே என்று கேட்கலாம். நூல் வருவது அந்த மனிதரிடமிருந்து, பேசுவது பெரியப்பா. அவரைத் தாண்டி ஒரு பெண் பேசினாள் என்று வந்தால் மொத்த வீட்டுக்கும் தறி நின்றுவிடும் என்று நைனா பயந்தார். பயந்து, "அண்ணன் சொல்றேன்னாரு இல்ல, இரும்மா" என்றார். அவர் வாழ்க்கையில் அக்காவுக்குச் சொன்ன ஒரே யோசனை அது.

சில நாள் கழித்துப் பெரியப்பா, "சொல்லிட்டேம்மா. அவரு வேற ஆளுக்குக் குடுத்துட்டாராம்" என்றார். அக்கா நம்பினாள். நானும் நம்பினேன். அந்தச் சமயத்தில்தான் வெதுருகுப்பத்திலிருந்து அக்காவைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். தை மாதம் கல்யாணம். அந்த ஊரில் நிலக்கடலை, மாடு, எப்போது வரும் என்று தெரியாத கரண்ட். கம்ப்யூட்டரை அங்கே எடுத்துப் போய் என்ன செய்யப் போகிறாய் என்று எங்கள் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். கூடத்தில் பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், அதில் சினிமா பார்த்தான், ரயில் டிக்கெட் போட்டான். பெரியப்பாவும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பழைய பாட்டு பார்ப்பார். வருஷக்கணக்கில் பார்த்தார். நான் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வேலைக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே எந்தச் சாமானும் ஓட்டிப் பார்க்காமல் அட்டைப் பெட்டிக்குள் போகாது. ஒவ்வொரு ஷிப்டிலும் எனக்கு அக்கா ஞாபகம் வரும்.

அக்காவைக் கட்டிய மாமா நல்ல மனிதர். பிள்ளைகள் படிப்புக்காகத் திருப்பதிக்குக் குடிவந்தார்கள். அக்கா ஒரு பேனர் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணப் பேனர், பிறந்தநாள் பேனர், சாவுப் பேனர். அண்ணன் லேப்டாப் வாங்கிவிட்டு அந்தப் பழைய பெட்டியை இரும்புக் கடைக்குப் போடப் போகிறேன் என்றபோது, நான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். நகரியிலிருந்து திருப்பதிவரை பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன். "ஏந்தம்மா இதி, டிவியா?" என்றார் கண்டக்டர். "மா அக்கதி" என்றேன், எங்கள் அக்காவுடையது என்று. அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அக்கா வீட்டில் வைத்து, தூசி தட்டி, மெமரி மட்டும் ஒன்று கூடச் சேர்த்தாள். கடையில் முடியாத வேலையை வீட்டில் அதில் செய்கிறாள். இன்றுவரை ஓடுகிறது.

பெரியப்பா காலமானபோது பேனர் போட அண்ணன் அக்காவிடம்தான் வந்தான். மேலே தெலுங்கில் ஒரு வரி, கீழே தமிழில் நாலு வரி. 'பெண் பிள்ளைகளைத் தங்கள் காலில் நிற்க வைத்த வழிகாட்டியே' என்று ஒரு வரி எழுதிக்கொண்டு வந்திருந்தான். நான் அப்போது அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா அந்தப் பழைய பெட்டியிலேயே ஒரு எழுத்து மாறாமல் அடித்தாள். அவர் போட்டோவில் கன்னத்துப் புள்ளிகளைத் துடைத்து, பின்னால் நீல வானம் வைத்தாள். அண்ணன் போன பிறகு, "இதையும் நீயே அடிக்கிறியா?" என்று கத்தினேன். "கஸ்டமர் சொன்னத அடிக்கணும்டி" என்றாள். சிரிக்கிறாளா, திட்டுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

காரியத்தன்று நகரி வீட்டு வாசலில் அந்தப் பேனரைக் கட்டியிருந்தார்கள். பந்தலில் கூட்டம். ஜவுளிக்காரர் வந்தார். வயதாகிவிட்டது, கையில் தடி. அக்கா தண்ணீர் கொண்டுபோனாள். நான் பக்கத்தில் இலைக்கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் அவளை உற்றுப் பார்த்தார்.

"நீதான அந்தக் கம்ப்யூட்டரு பூட்டன பொண்ணு?"

"ஆமாங்க."

"பாவம். அம்மாங் கஷ்டப்பட்டு பூட்டன. கடசீ வரைக்கும் அது ஓடவே இல்லியாமே."

அக்கா தண்ணீர்ச் செம்பைப் பிடித்தபடி நின்றாள். "யாரு சொன்னாங்க?"

"ஒம் பெரிப்பாதான். நான் அதோட வுடலம்மா. நூலு எடுக்க அவரு புத்தூருக்கு வரும்போதெல்லாம் கேப்பேன், பொண்ணு மெசினு இன்னா ஆச்சின்னு. ஓடல மொதலாளி, மூலைல போட்டு வச்சிகிறோம்னாரு. அடுத்த வாட்டி கேட்டாலும் அதான். ஒரு வருசம் பாத்துக்கினு இருந்தேன். அப்புறந்தான் ஆரணில ஒருத்தனப் புடிச்சேன். இன்னிக்கி வரைக்கும் அவங்கிட்டதான் டிசைனு."

ஒரு வருஷம். அந்த வருஷம்தான் கூடத்தில் அந்த மெஷினில் பாட்டு ஓட ஆரம்பித்தது. அவர் எதிரில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மஞ்சள் வைத்தது தெரியாமல் செய்த தவறு. அதை நான் என்றோ மன்னித்திருப்பேன். வாசலில் சொன்னது மானத்துக்குப் பயந்து சொன்ன சொல்; அதைக்கூட எப்படியாவது விழுங்கியிருப்பேன். ஆனால் ஓடுகிற மெஷினை ஓடவில்லை என்று, கேட்ட ஒவ்வொரு தடவையும், நிதானமாக, மெதுவான குரலில் சொல்வதற்கு ஒரு மனிதர் உள்ளுக்குள் என்னவாக இருக்க வேண்டும்? தம்பி மகள் தன்னை மீறிப் போய்விடுவாள் என்ற பயமா? வந்த சம்பந்தம் தவறிவிடும் என்ற கணக்கா? அல்லது ஒரு தடவை சொன்னதை மாற்றிச் சொல்லும் பழக்கமே இல்லாததாலா? இனிமேல் யாரிடம் போய்க் கேட்பது. அவருக்கு மாலை போட்டாகிவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்துக் கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு. ஆஸ்பத்திரி வராண்டாவில் துண்டை விரித்துப் படுத்த அதே ஆள் என்பது கோபத்தைக் குறைக்கவில்லை, இன்னும் கூட்டியது.

அக்கா வாசல் பக்கம் கை காட்டினாள். "அந்தா கட்டிகீது பாருங்க பேனரு. அது அந்த மெசின்ல போட்டதுதாங்க."

ஜவுளிக்காரர் திரும்பிப் பார்த்தார். நீல வானத்துக்கு முன்னால் பெரியப்பா சிரித்துக்கொண்டிருந்தார். ஜவுளிக்காரர் பேனரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார், கடைசி வரிவரை. பிறகு செம்பை வாங்கித் தண்ணீர் குடித்தார். சாப்பிடாமலேயே எழுந்து போனார். ஏன் சாப்பிடாமல் போகிறார் என்று அண்ணன் வந்து கேட்டான். அக்கா காலிச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் திருப்பதியில் நான் ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே உட்கார்ந்தேன். அந்தப் பொத்தானைத் தேய்த்தேன். பஞ்சு முழுக்க மஞ்சளாயிற்று. பொத்தானில் இருந்தது மட்டும் போகவில்லை. சோடா உப்பு போட்டுத் தேய்த்தேன். நகத்தால் சுரண்டினேன். அக்கா சமையலறையிலிருந்து வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வழி வுடுடி. வேல கீது" என்றாள்.

என் கையை ஒதுக்கிவிட்டு, அந்த மஞ்சள் மேலேயே விரலை வைத்து அழுத்தினாள். ஓடியது.